710 நெடுஞ்சாலை வீடுகளும் 'ஓசி' என்கிற பேச்சும்

லாஸ் ஏஞ்சலஸில் நெடுஞ்சாலைக்காக அரசு வாங்கிப்போட்ட வீடுகளை, குடியிருப்பவர்களுக்கும் வீட்டுவசதி அமைப்புகளுக்கும் மலிவு விலைக்குக் கொடுக்கலாமா என்று நேற்று ஒரு திரி ஓடியது. கொடுக்கலாம் என்ற எனக்கு வசவுதான் மிச்சம். "ஓசியில் வீடு கொடுக்காதே, ஏலத்தில் விடு" என்ற ஒற்றை வரிக்கு எத்தனை கைதட்டல்! கணக்குத் தெரிந்தவர்களும் தட்டியிருந்ததுதான் உறுத்துகிறது.

லாஸ் ஏஞ்சலஸில் 710 நெடுஞ்சாலை அல்ஹாம்ப்ரா பக்கம் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கிருந்து பாசடினா வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டரை இணைக்க, மாநில நெடுஞ்சாலைத் துறையான கால்ட்ரான்ஸ் 1950களிலிருந்து வீடுகளை வாங்கிக் குவித்தது. 1973இல் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு சுரங்கம் தோண்டலாம் என்று பல வருடம் பேசி, 2018இல் அதையும் கைகழுவினார்கள். மிஞ்சியது எல் செரினோ, சவுத் பாசடினா, பாசடினாவில் 460ஐ ஒட்டிய சொத்துகள். சமையல்கலைஞர் ஜூலியா சைல்ட் வளர்ந்த வீடுகூட அதில் ஒன்று.

அரை நூற்றாண்டு இவற்றின் வீட்டுக்காரர் அரசு. கெடவிட்டதும் அரசு. இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆளில்லாத பழைய மரவீடு எப்படிக் கெடும்? முதலில் கூரை ஒழுகும். ஈரம் இறங்கிய சட்டத்தில் பூஞ்சையும் கரையானும் சேரும். சிங்குக்கு அடியில் வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர் வற்றிப்போய்ச் சாக்கடை வாயு உள்ளே ஏறும். செம்புக் குழாயையும் வயரையும் திருடன் உருவிக்கொண்டு போவான். மிச்சமிருக்கும் ஜிஐ பைப் உள்ளே துருவேறி அடைத்திருக்கும். இரண்டு குழாயை ஒரே நேரத்தில் திறந்தால் ஒன்றில் நூல்போலத்தான் வரும். தெருச் சாக்கடைக்குப் போகும் சுட்ட மண்குழாயின் இணைப்புகளில் மரவேர் புகுந்திருக்கும். கேமரா விட்டுப் பார்க்காமல் விலை பேசுகிறவன் ஏமாளி. சுவருக்குள் பீங்கான் குமிழ் வைத்து இழுத்த பழைய வயரிங். 1978க்கு முந்தைய வீடு என்றால் ஈயப் பெயிண்ட் இருக்கிறதென்றே வைத்துக்கொள்ள வேண்டும். உலர்வாகச் சுரண்டக் கூடாது, நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். வெப்பக் காற்றுக் குழாயைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சோதிக்காமல் கை வைக்கக் கூடாது. போதாததற்கு இது பூகம்ப பூமி. அடிமரத்தை அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டு இறுக்கி, தரைக்கடியில் உள்ள குட்டைச் சுவருக்கு பிளைவுட் அடிக்காவிட்டால் வீடு அஸ்திவாரத்தை விட்டே நழுவிவிடும்.

வேலையின் வரிசையும் முக்கியம். கூரை, சாக்கடை, அஸ்திவாரம், வயரிங், குழாய், கடைசியில்தான் பெயிண்ட். படம் பிடிக்க அழகாக இருக்கிறதென்று பெயிண்டில் தொடங்கினால் அடுத்த மழையில் அத்தனையும் தண்டம்.

விலையைக் குறைத்துவிட்டால் ஏழைக்கு வீடு கிடைத்துவிடுமா? கூரை ஒழுகி, தண்ணீரும் மின்சாரமும் ஒழுங்காக இல்லாத வீட்டுக்குச் சாதாரண வீட்டுக்கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. 'இருக்கிறபடியே' விற்றால் ரொக்கம் வைத்திருப்பவன்தான் வாங்குவான். மலிவு விலை காகிதத்தில் மட்டும் இருக்கும்.

ஓசி என்கிறவர்கள், அரசிடம் மிஞ்சிய இந்த மாதிரி வீடுகளை யாருக்கு, என்ன விலைக்கு விற்கலாம் என்று சொல்லும் 1979இன் ராபர்ட்டி சட்டத்தை ஒருமுறை படிக்கலாம். முதல் உரிமை, அங்கேயே குடியிருக்கும் பழைய உரிமையாளருக்கு, அதுவும் சந்தை விலைக்கு. அடுத்து, இரண்டு வருடமாவது குடியிருக்கும் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்கள். அப்புறம் ஐந்து வருடம் இருந்து, வருமானம் அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 150 சதவீதத்துக்குள் இருப்பவர்கள். பிறகு வீட்டுவசதி அமைப்புகள். மலிவு விலைக்கும் தரை உண்டு: சந்தை விலை அதைவிட இறங்கினாலொழிய, அரசு அன்று கொடுத்த விலைக்குக் கீழே போக முடியாது. வாங்கியவர் நாளைக்கே விற்று லாபம் பார்க்க முடியாதபடி கட்டுப்பாடும் வைக்கிறார்கள். இதில் ஓசி எங்கே ஒளிந்திருக்கிறது?

"கால்ட்ரான்ஸ் இந்த வீடுகளை நிர்வகித்தது பற்றிய 2012 தணிக்கை அறிக்கை பார்த்தாயா" என்று வருவீர்கள். பார்த்தேன். சந்தையைவிடக் குறைந்த வாடகை வாங்கினார்கள் என்று அதில் இருக்கிறது, உண்மை. பழுதுபார்த்த செலவு நியாயமானதுதான் என்று துறையால் காட்ட முடியவில்லை என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. பாதியை மட்டும் பகிர்கிறவர்கள் மீதியையும் பகிரலாமே. வசதி போலும்.

இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினால் இன்னும் நிறையப் பேருக்கு இடம் கிடைக்கும் என்பதில் ஞாயம் உண்டு. சில மனைகளுக்குச் சரிதான். ஆனால் ஆள் குடியிருக்கும் வீட்டை எந்த வாயால் இடிக்கச் சொல்கிறீர்கள்?

2020 மார்ச்சில், கொரோனா தொடங்கிய நேரத்தில், வீடில்லாத குடும்பங்கள் எல் செரினோவில் பூட்டிக் கிடந்த வீடுகளுக்குள் போனபோது எல்லோருக்கும் சட்டம் ஞாபகம் வந்தது. அந்த வீடுகள் அதுவரை ஏன் காலியாகக் கிடந்தன என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அந்த நவம்பரில், வேறு சில காலி வீடுகளுக்குள் போனவர்களைப் போலீஸ் வெளியே இழுத்துப் போட்டதற்கும் அதே கைதட்டல். உங்கள் பிள்ளைக்கு லாஸ் ஏஞ்சலஸில் வாடகை கட்ட வேண்டிவந்தால் இப்படித்தான் தட்டுவீர்களா?

ஆளில்லாத வீடுகளை வீட்டுவசதி அமைப்புகளிடம் கொடுத்து, விற்ற பணத்தை வேறு சாலைக்குத் திருப்பாமல் அந்தக் கூரைக்கும் சாக்கடைக்கும் போடுங்கள். கெடுத்தவர் செலவு செய்யட்டும் என்பதுதான் நான் கேட்பது. இதற்கா இவ்வளவு வசவு?

ஏலம்தான் வழி என்று மறுபடியும் எழுதப்போகிறவர், ஏலத்தில் எடுப்பவன் அந்தக் குழாயையும் வயரையும் மாற்றிய பிறகு என்ன வாடகை கேட்பான் என்பதையும் சேர்த்தே எழுதட்டும்.