படம் எல்லோருக்கும், சத்தம் அவரவருக்கு

பெட்ரூமில் டிவி வைக்கலாமா கூடாதா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. வைப்பது என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. முடிவெடுத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை இன்ச் வாங்கலாம்?" என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரே திரையை மூன்று பேர் மூன்று காரியத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிற அறையில் முதலில் யோசிக்க வேண்டியது சத்தத்தைப் பற்றி. திரையில் கொஞ்சம் மிச்சம் பிடித்துக் காதுக்குச் செலவு செய்தால் வீட்டில் சண்டை குறையும்.

எங்கள் வீட்டு நிலவரம் இது. வாடகை வீடு, பெட்ரூம் பத்துக்குப் பதினொன்று. ஹால் டிவி அம்மாவுடையது, சீரியல் நேரத்தில் அந்தப் பக்கம் போகக்கூட முடியாது. மனைவிக்குக் காலை ஷிஃப்ட், ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுவார். பிளஸ் ஒன் படிக்கிற பையனுக்கு கேம் கன்சோல். எனக்கு ஆபீஸ் லேப்டாப், அந்தச் சின்னத் திரையில் எக்ஸெல் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகிறது. ஆகவே கட்டிலுக்கு எதிரே ஒரே ஒரு திரை. பகலில் எனக்கு மானிட்டர், சாயங்காலம் அவனுக்கு கேம், ராத்திரி படம்.

இப்போது இன்ச் விவகாரம். டிவிக்குச் சொல்கிற இன்ச், திரையின் மூலைக்கு மூலை அளவு. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்த மிச்சத்தை இன்னும் பெரிய திரையில் போட வைப்பதில்தான் கடைக்காரர்களின் சாமர்த்தியம் இருக்கிறது. "சார், 43 எல்லாம் இப்ப யாரு வாங்குறாங்க? 55 எடுத்துருங்க." திரையின் அகலம் நம் பார்வையில் 30 டிகிரி கோணத்துக்கு விரிய வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் ஏழரை அடி என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணக்குப்படி 55தான் சரி. ஆனாலும் நான் 43 பக்கம்தான். பகலில் அதே திரைக்கு முன்னால் மூன்றடியில் நாற்காலி போட்டு வேலை செய்ய வேண்டும். 55 என்றால் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பியே பொழுது போய்விடும். தவிர, அலமாரிக்கும் கதவுக்கும் நடுவே இருக்கிற சுவர் நாலடி. அதில் 43 இன்ச்சின் 95 சென்டிமீட்டர் அகலம் உட்காரும், 55-இன் 122, சட்டத்தையும் சேர்த்தால், உட்காராது.

4கே, அதாவது ஃபுல் எச்டியைப் போல நாலு மடங்கு புள்ளிகள் உள்ள திரை, வேண்டுமா? படத்துக்கு வேண்டாம். 43 இன்ச் ஃபுல் எச்டி திரையை ஐந்தரை அடிக்கு அப்பாலிருந்து பார்த்தால் சாதாரணக் கண்ணுக்குப் புள்ளி தெரியாது. ஆனால் மூன்றடியில் உட்கார்ந்து எழுத்துப் படிக்கிறவனுக்கு 4கே கண்டிப்பாக வேண்டும். எக்ஸெல்லுக்காக 4கே வாங்கச் சொல்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இன்ச்சைவிட முக்கியம் பேனல், அதாவது படத்தைக் காட்டுகிற தட்டு. விஏ என்ற வகைப் பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், நேராக உட்கார்ந்தால் அருமை. கொஞ்சம் ஒதுங்கினாலும் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் என்ற இன்னொரு வகையில் விளக்கணைத்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும், ஆனால் பக்கவாட்டில் நிறம் நிற்கும். கட்டிலில் இரண்டு பேர் என்றால் இரண்டு பேருமே நடுவில் இல்லை. பையன் கதவோரம் தரையில் கிடப்பான். எங்கள் அறைக்கு ஐபிஎஸ்தான். கடையில் எந்தப் பேனல் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நீங்களே டிவிக்குப் பக்கவாட்டில் போய் நின்று, ஒரு முகம் திரையில் வரும்வரை காத்திருந்து பாருங்கள். தோல் நிறம் வெளுத்தால் தெரிந்துவிடும்.

மாட்டுவது? "தம்பி, என்ன வேணா பண்ணுங்க, சுவத்துல மட்டும் ஓட்டை போடாதீங்க." இது எங்கள் ஹவுஸ் ஓனர். டிரில்லர் சத்தம் கேட்டாலே மாடியிலிருந்து இறங்கிவிடுவார். சக்கரம் வைத்த ஸ்டாண்ட் வாங்கினோம். அவர் புண்ணியத்தில் அதுவே நல்லதாகப் போயிற்று. பகலில் இறக்கி வைத்து வேலை, ராத்திரி ஏற்றி வைத்துக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் படுத்தபடி பார்க்கலாம். சுவரில் அடித்திருந்தால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும்.

லேப்டாப்பைச் சொருகினால் எழுத்து மங்கலாக, ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிகிறது என்று பலர் டிவியைத் திட்டுகிறார்கள். டிவி செட்டிங்கில், லேப்டாப் ஒயரைச் சொருகிய எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றுங்கள். பல டிவிகளில் அதுவே போதும். மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்தால் லேப்டாப்பில் இருப்பது எச்டிஎம்ஐயின் பழைய 1.4 பதிப்பாக இருக்கலாம். அது 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும், 60க்கு 2.0 வேண்டும். அப்புறம் விலை குறைந்த டிவிகளில் எச்டிஎம்ஐ ஓட்டை இரண்டோ மூன்றோதான் இருக்கும். செட்டாப் பாக்ஸ், கன்சோல், லேப்டாப், சவுண்ட்பார் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

போனிலிருந்து காட்டுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்த மச்சினன், கல்யாண போட்டோ காட்டுகிறேன் என்று போனை அப்படியே டிவியில் மிரர் செய்தான். மாமியார், மாமனார், என் அம்மா எல்லோரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தாலி கட்டுகிற போட்டோவுக்கு மேலே, கடன் தவணை கட்டத் தவறிவிட்டீர்கள் என்று மெசேஜ் வந்து நின்றது. மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே வாசித்தார். மிரர் என்பது போனை அப்படியே நகலெடுப்பது, போனில் வருவதெல்லாம் திரையிலும் வரும். யூட்யூப் மாதிரி ஆப்களில் இருக்கிற காஸ்ட் பட்டனை அழுத்தினால், டிவி தானே இணையத்திலிருந்து வீடியோவை எடுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட். பொதுத் திரையில் முடிந்தவரை காஸ்ட்தான்.

சரி, சத்தம். நமக்குத் திரையைப் பகிர்வது புதிதில்லை. பஞ்சாயத்து டிவி ரூமில் ஊரே உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். 2006-இல் திமுக ஆட்சிக்கு வந்த பிறகு வீடுவீடாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி முன்னாலும் குடும்பமே உட்கார்ந்தது. அங்கெல்லாம் சத்தமும் எல்லோருக்கும் ஒன்றுதான், யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. பெட்ரூமில் ஒருவர் தூங்குவார். பத்தரை மணிக்கு ஒரு சண்டைக் காட்சி வந்தால், "என்னங்க, கொஞ்சம் குறைங்களேன்." குறைத்தால் வசனம் கேட்காது, கூட்டினால் குண்டு வெடிக்கும். நான் படம் முழுக்க ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த காலம் உண்டு.

ப்ளூடூத் ஹெட்போன் ஒருவருக்குச் சரி. பெரும்பாலான டிவிகள் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் சத்தம் அனுப்பும். இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றால், இரண்டு ஹெட்போனோடு சேர்கிற ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் தனியாகக் கிடைக்கிறது, டிவியின் பின்னால் சொருக வேண்டியதுதான். ஆனால் பல புது டிவிகள் அதைச் சொருகுகிற 3.5 எம்எம் ஹெட்போன் ஓட்டையே இல்லாமல் வருகின்றன. அப்போது ஆப்டிகல் (ஒளி வழியே சத்தம் அனுப்புகிற) ஓட்டையிலிருந்து மாற்றிக்கொடுக்கிற குட்டிப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும். வாங்கிச் சொருகியதும் சத்தமே வராமல் போகலாம், அல்லது கரகரவென்று வரலாம். பெட்டி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள். டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ 'ஆட்டோ' என்றோ 'டால்பி' என்றோ இருக்கும், அதை 'பிசிஎம்' (சுருக்காத சாதாரண ஒலி) என்று மாற்றினால் பாட்டு வரும்.

கேமுக்கு மட்டும் ப்ளூடூத் ஆகாது. ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். சினிமாவில் அதைச் சரிக்கட்ட, டிவி காட்சியையே கொஞ்சம் தாமதப்படுத்திக்கொள்ளலாம். கேமில் அதற்கு வழியில்லை, பட்டனை அழுத்திய பிறகுதானே சுட வேண்டும். பையனுக்கு ஒயர் ஹெட்போன். பெரும்பாலும் கன்சோலின் கன்ட்ரோலரிலேயே ஓட்டை இருக்கும். அவன் சுட்டுத் தள்ளுகிறான், எங்களுக்குக் கேட்பது பட்டன் சத்தம் மட்டும்.

வெளிச்சத்துக்கு ஒரே வார்த்தை: கடையில் வைத்திருக்கிற 'விவிட்' மோடை வீட்டில் எடுத்துவிடுங்கள், ராத்திரி பேக்லைட்டைக் குறையுங்கள். செட்டாப் பாக்ஸின் நீலப் பொட்டு மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு.

கமெண்ட்டில் "புரொஜக்டர் வாங்கியிருக்கலாமே" என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். மலிவு புரொஜக்டர் பெட்டியில் '4கே சப்போர்ட்' என்று போட்டிருந்தால், 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம். சுவரில் விழுவது பெரும்பாலும் அதைவிடக் குறைவான படம். அதன் ஃபேன் சத்தமும் தலைமாட்டிலேயே ஓடும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாலும், பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, இருட்டில் எக்ஸெல் பார்க்க என்னால் ஆகாது.