டிரிம் வைத்து எடை மையத்தைச் சரிசெய்ய முடியாது

ஃபோம் டிரெய்னரில் (ரிமோட்டில் ஓட்டிப் பழகும் சிறு ஃபோம் விமானம்) பேட்டரியை எங்கே வைத்தாலும் பரவாயில்லை, வால் கனத்தால் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) டிரிம்மை, அதாவது ஸ்டிக்கைத் தொடாதபோது அது நிற்கும் நிலையை, கொஞ்சம் கீழே வைத்தால் போதும் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அது சரியில்லைங்க. டிரிம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மூக்கை மட்டமாக வைக்கும். வால் கனத்த விமானம் காற்றில் சற்றே மூக்கைத் தூக்கினால் தானாகத் திரும்பாது, மேலும் தூக்கி ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் சரியும்). புதிதாக ஓட்டுபவரின் கை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

நீங்களே சோதிக்கலாம். எடை மையம் (விமானம் சமநிலையில் நிற்க வேண்டிய புள்ளி) எங்கே என்று கையேட்டில் இருக்கும். இல்லையென்றால், நேரான செவ்வக இறக்கைக்கு முன்விளிம்பிலிருந்து, அகலத்தில் (முன்விளிம்பு முதல் பின்விளிம்பு வரை) 25–30% வைத்துத் தொடங்குங்கள், 200 மி.மீ. அகலத்துக்கு 50–60 மி.மீ. இறக்கையின் அடியில் இருபக்கமும் டேப் ஒட்டிக் குறியுங்கள். பறக்கும்போது இருக்கும் இடத்திலேயே பேட்டரியை வைத்து (வயரைச் செருகாதீர்கள், மோட்டார் சுற்றினால் விரல் போகும்), மூடியையும் மாட்டி, குறியில் விரல்நுனி வைத்துத் தூக்குங்கள். மட்டமாகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நின்றால் பறக்கவிடலாம். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள், இடமில்லை என்றால் மூக்கில் சிறு எடை.

வாலைப் பசை போட்டு ஒட்டிய பிறகும் மறுபடி பாருங்கள். அங்கே கூடும் 5 கிராமை ஈடுகட்ட மூக்கில் அதைவிட அதிகம் தேவைப்படும், வால் அவ்வளவு தள்ளி இருக்கிறது.