தரங்கம்பாடிக்குப் போனா ஒரு ராத்திரியாவது தங்குங்க

கோத்தகிரில இருக்கறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். சீசன்ல வர்ற வண்டிங்க நேரா கோடநாடு வியூ பாயிண்ட், ஒரு டீ, நாலு போட்டோ, இருட்டறதுக்குள்ள மேட்டுப்பாளையம் இறங்கிடும். கண்ணேரிமுக்குல, ஊட்டிய உண்டாக்கின இங்கிலீஷ்கார கலெக்டர் சல்லிவனோட பங்களா இருக்கு, அந்தப் பக்கம் திரும்பறவங்க ரொம்பக் கம்மி. நம்ம ஊருக்கு இப்படி வந்துட்டுப் போனா நமக்கு எவ்வளவு வலிக்குது, அதையே நாம தரங்கம்பாடி மாதிரி கடற்கரை ஊருக்குப் போயி செய்யக் கூடாதுங்க.

தரங்கம்பாடின்னாலே டேனிஷ் கோட்டைதான்னு ஆயிடுச்சு. 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கிக் கட்டினாங்க, 1845-ல இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போயிட்டாங்க, சரி. ஆனா கோட்டையத் தாண்டி கொஞ்சம் நடந்தீங்கன்னா மாசிலாமணிநாதர் கோயில், 1306-ல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல கட்டினது. அதாவது டேனிஷ்காரங்க கப்பல் வர்றதுக்கு முந்நூறு வருஷம் முன்னாடியே இது பெரிய ஊரு! கோயிலோட முன்பக்கத்தைக் கடல் எப்பவோ தின்னுடுச்சு, மிச்சத்தைக் காப்பாத்த கரை ஓரமா பெரிய பெரிய பாறாங்கல்லாக் கொட்டி வெச்சிருக்காங்க, அலை அதுல வந்து அடிக்கறப்ப தண்ணி மேல தெறிக்குது. அங்க நிக்கறப்ப மனசு என்னமோ பண்ணுச்சு.

ராஜா தெருல புதிய எருசலேம் சர்ச், 1718-ல கட்டினது, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவ அங்கதான் அடக்கம் பண்ணியிருக்காங்க. 1706-ல வந்து இறங்கின மனுஷன், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பசங்களோட உக்காந்து மணல்ல விரல் வெச்சு ஆனா ஆவன்னா எழுதிக் கத்துக்கிட்டு, அச்சுக்கூடம் போட்டு, 1715-ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சு முடிச்சுட்டாரு. அந்த மணல்ல செருப்பக் கழட்டிட்டு நடக்கறதுக்கே போலாம்னு நான் சொல்லுவேன்.

காலைல வெள்ளன எந்திரிச்சு கரைக்குப் போங்க. படகு வர்ற நேரம். 2004 சுனாமில அடிபட்ட மீனவ ஜனங்க, பேச்சுக் குடுத்தா நல்லாப் பேசுவாங்க, மீனையும் சாப்பாட்டையும் அந்த ஊர்லயே வாங்குங்க, நம்ம காசு அங்க கொஞ்சம் நிக்கட்டும்.

கோயமுத்தூர்ல இருந்து மயிலாடுதுறைக்கு ஜனசதாப்தி இருக்கு, அங்கிருந்து பொறையார் வழியா பஸ். ஐப்பசி கார்த்திகைல போகாதீங்க, மழை பிடிச்சுக்கும். தை மாசி நல்லா இருக்கும்.