ஹாலிவுட் நட்சத்திர நடைபாதைக்குப் பதிலாக இங்கே வண்டியை நிறுத்துங்கள்

சான் டியேகோவிலிருந்து சான்டா பார்பரா பக்கம் காரில் போகிற நம்மாட்கள், நடுவில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரே ஒரு இடம் பார்க்கலாம் என்றால் உடனே ஹாலிவுட் நட்சத்திர நடைபாதைக்குப் போய்விடுகிறார்கள். பார்க்கிங்குக்குக் காசு, வெயில், கூட்டம், தரையில் பெயர்கள். அவ்வளவுதான். அதே 101 ஃப்ரீவேயின் ஓரத்திலேயே, டெம்பிள் தெருவில், தேவதைகளின் அன்னை பேராலயம் (Cathedral of Our Lady of the Angels) என்ற கத்தோலிக்கக் கோவில் இருக்கிறது. பக்தி இருக்கிறதோ இல்லையோ, ஒரு மணி நேரம் ஒதுக்க அதுதான் சரியான இடம் என்பது என் கட்சி.

முதலில் ஒரு எச்சரிக்கை. வெளியிலிருந்து பார்த்தால் பிடிக்காது. பழைய பாணிக் கோபுரம், வளைவு, சிற்ப வேலை எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஸ்பானியப் பாதிரிமார்கள் கட்டிய பழைய மிஷன் கோவில்களின் மண்சுவர் நிறத்தில் கான்கிரீட், அதுவும் கோணல் மாணலாக. கட்டடத்தில் நேர்கோணத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஃப்ரீவேயிலிருந்து பார்த்துவிட்டு ஏதோ குடோன் என்று கடந்து போகிறவர்கள் நிறைய. கட்டும்போது கிட்டத்தட்ட 19 கோடி டாலர் செலவானதால், அப்போதைய பேராயர் கர்தினால் ரோஜர் மஹோனியின் பெயரை வைத்து 'தாஜ் மஹோனி' என்று உள்ளூரில் கிண்டலும் செய்தார்கள். ஏழைகளுக்குச் செலவழித்திருக்கலாமே என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் கட்டி முடித்ததைப் பார்க்காமல் போவதால் அந்தக் காசு திரும்பி வரப்போவதில்லை.

1876இல் கட்டிய பழைய விபியானா பேராலயம் 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. அதற்குப் பதிலாகத்தான் இது. வடிவமைத்தவர் ஸ்பெயின் நாட்டு ரஃபேல் மோனெயோ. திறப்பு 2002 செப்டம்பர் 2. கட்டடம் நேராக மண்மேல் உட்காரவில்லை. 198 அதிர்வு தாங்கிகள் மேல் நிற்கிறது. நிலம் ஆடினால் மொத்தக் கோவிலும் 27 அங்குலம் வரை நகர்ந்து கொடுக்கும்.

உள்ளே போகும் வழிதான் முக்கியம், பலர் கோட்டைவிடுவதும் அதில்தான். சிற்பி ராபர்ட் கிரஹாம் செய்த வெண்கலக் கதவுகள், 25 டன். கதவுக்கு மேலே மாதா சிலை. தலைக்குப் பின்னால் இருக்கும் ஒளிவட்டம் உலோகத்தில் செய்ததல்ல, சுவரில் வெட்டிய ஓட்டை. வானமே ஒளிவட்டம். அதை நிமிர்ந்து பார்க்காமல் நுழைகிறவர்கள்தான் அதிகம்.

நுழைந்ததும் எதிரே பீடம் இருக்கும் என்று நினைப்போம். இருக்காது. பக்கவாட்டில் ஒரு நீளமான நடைவழிதான் இருக்கும். சிற்றாலயங்கள் எல்லாம் கோவிலின் நடுப்பகுதிக்கு முதுகைக் காட்டி, இந்த நடைவழியைப் பார்த்து நிற்கின்றன. அவற்றின் இடைவெளியில் உள்ளிருந்து வெளிச்சம் கசியும். "இதோ வழி" என்று அந்த இடைவெளியில் புகுந்துவிட்டால் எல்லாம் போச்சு. பொறுமையாகக் கடைசிவரை நடந்து, திருமுழுக்கு (ஞானஸ்நானம்) தரும் தொட்டி இருக்கும் இடத்தில் திரும்புங்கள். 333 அடி நீளமும் ஒரே பார்வையில் திறக்கும், பீடம் அந்தக் கோடியில். மோனெயோ நம்மை இவ்வளவு தூரம் நடக்க வைத்தது இந்தத் திருப்பத்துக்காகத்தான்.

ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி கிடையாது. மெல்லிதாக அறுத்த அலபாஸ்டர் கல், சுமார் 27,000 சதுர அடி. வெளிச்சம் தேன் நிறத்தில் வடிந்து வரும். இந்தக் கல்லுக்குச் சூடு ஆகாது. சூடேறினால் ஒளி ஊடுருவும் தன்மை கெட்டுச் சுண்ணாம்புபோல் வெளுத்துவிடும். அதனால்தான் வெளிப்பக்கம் தனியாக ஒரு கண்ணாடி அடுக்கு. நீங்கள் கவனிக்க வேண்டியது நேரம்: மேகமூட்டமான நாளிலோ பொழுது சாயும் நேரத்திலோ போனால் உள்ளே வெறும் மங்கல்தான். நல்ல வெயில் நாளில் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் போங்கள். போனில் படம் எடுத்தால் ஜன்னல் வெள்ளையாக வெளிறிப்போகும். போன் திரையில் ஜன்னல் தெரியும் இடத்தில் விரலை அழுத்தி ஒளி அளவைப் பூட்டிவிட்டு எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பூசை நடக்கும்போது படமே வேண்டாம். வார நாட்களில் நண்பகலை ஒட்டி ஒரு பூசை உண்டு. அன்றைய நேரத்தை இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரு பக்கச் சுவரிலும் ஓவியர் ஜான் நாவாவின் திரைச்சீலைகள். 135 புனிதர்கள், எல்லோரும் பீடத்தைப் பார்த்தபடி. ஓவியம் என்று நினைத்துவிடாதீர்கள், பெல்ஜியத்தில் நெய்தவை. பக்கத்து வீட்டு ஆட்களின் முகங்கள்போல இருக்கும். நிஜ மனிதர்களை மாதிரியாக வைத்து வரைந்ததால் அப்படி. அன்னை தெரசாவைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் ஓடும். பெயர் எழுதாத சிறுவர் சிறுமியரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பீடத்துக்குப் பின்னால் தொங்குவதை உற்றுப் பாருங்கள், லாஸ் ஏஞ்சலஸின் தெரு வரைபடம் கலந்திருக்கும்.

கீழே கல்லறைப் பகுதிக்கும் இறங்கலாம். பழைய பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிகளை அங்கே ஒளியூட்டி வைத்திருக்கிறார்கள். நடிகர் கிரிகரி பெக் அடக்கமானதும் அங்கேதான். நட்சத்திரம் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு அது போதும்.

நுழைவுக் கட்டணம் இல்லை, நிலத்தடி பார்க்கிங்குக்கு உண்டு. தெருவோர மீட்டரை நம்பினால் உள்ளே நேரம் போவது தெரியாமல் அபராதச் சீட்டு வரும். பெட்டிகளை வெளியே தெரிகிற மாதிரி காரில் வைக்காதீர்கள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, தொப்பியைக் கழற்றுங்கள். கழிப்பறை வளாகத்திலேயே இருக்கிறது; நெடும்பயணத்தில் அதுவும் ஒரு காரணம்தானே. கூடுதலாக அரை மணி இருந்தால் டிஸ்னி இசையரங்கம் வரை நடக்கலாம், தெரு ஏற்றம்.

மூன்று மணிக்குள் வண்டியை எடுத்துவிடுங்கள். பக்கத்திலேயே 101-உம் 110-உம் பின்னிக்கொள்ளும் நான்கடுக்குச் சந்திப்பு. மாலை நெரிசலில் மாட்டினால் இங்கே செலவழித்த நேரத்தைவிட அதிக நேரம் அங்கே நிற்க வேண்டியிருக்கும்.