சினை மாட்டைக் கொழுக்க வைத்தால் பால் கூடுமா?

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு வட்டாரக் கறவை மாடு வளர்ப்போரின் வாட்ஸ்அப் குழுக்களில், பால் வற்றிய சினை மாட்டுக்குப் புண்ணாக்கை அள்ளி வைத்துக் கொழுக்க வைத்தால் ஈன்றபின் பால் பெருகும் என்ற செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அளவுக்கு மீறிக் கொழுத்த மாடு, ஈன்றவுடன் தீனியைக் குறைத்துக்கொள்வதால், பாலுக்கு வேண்டிய ஆற்றலைத் தன் உடற்கொழுப்பைக் கரைத்தே எடுக்கிறது. அந்தக் கொழுப்பு கல்லீரலில் படிந்து, கீட்டோசிஸ் (கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் பொருள்கள் இரத்தத்தில் மிகும்) நோய்க்கு வழிவகுத்து, பாலையும் அடுத்த சினையையும் ஒருசேரக் கெடுக்கிறது. கன்று ஈனுவதிலும் சிரமம் ஏற்படும். எலும்பும் தோலுமான மாடும் நல்லதல்ல என்பதால்தான் இந்தச் செய்தியை எளிதில் நம்பிவிடுகிறோம்.

மாட்டின் உடல்நிலையை 1 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். 1 மிக மெலிவு, 5 மிகக் கொழுப்பு. கறவை மாடு ஈனும்போது 3 முதல் 3.5 வரை இருப்பது நலம். வயிற்றைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தீவனமும் கன்றும் வயிற்றைப் பெரிதாகக் காட்டும். வாலடிக் குழி, இடுப்பெலும்பு, முதுகுத்தண்டின் பக்க எலும்புகள் ஆகியவற்றைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். குழி மறைந்து, எவ்வளவு அழுத்தியும் எலும்பு தட்டுப்படவில்லை என்றால் மாடு கொழுத்துவிட்டது. அதற்காக வற்றுக்காலத்தில் (ஈனுவதற்கு முன் பால் கறப்பதை நிறுத்திய காலத்தில்) பட்டினி போட்டு இளைக்க வைப்பது இன்னும் ஆபத்து. கறவையின் கடைசி மாதங்களிலேயே தீனியைச் சரிசெய்துவிட வேண்டும்.