பரம்பரையாக வந்த மடக்குக் கத்தியைப் பளபளப்பாக்காதீர்கள்

வீட்டுப் பெரியவர்கள் முகாம்களுக்கும் நெடும்பயணங்களுக்கும் எடுத்துச் சென்ற பழைய மடக்குக் கருவிகள், அதாவது கத்தியும் கரண்டியும் முட்கரண்டியும் ஒரே கைப்பிடிக்குள் மடங்கி அடங்கும் கருவிகள், இப்போது பல குடும்பங்களில் மூன்றாம் தலைமுறையின் கைக்கு வந்துகொண்டிருக்கின்றன. பெற்றுக்கொள்கிறவர்களில் பலர் முதல் வேலையாக அதைப் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்து, முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்துப் பதிவிடுகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பொருளுக்கு அதைவிடப் பெரிய கேட்டை யாரும் செய்துவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

என்னிடம் இருப்பது தாத்தா பயன்படுத்தி, அப்பா வழியாக வந்தது. அதன் கரண்டியை மேசைமேல் வைத்து நேராகப் பார்த்தால் நுனி ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பது தெரியும். வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் பாத்திரத்தின் அடியை வழித்து வழித்துச் சாப்பிட்டால் கரண்டியின் இடப்பக்க விளிம்பு தேயும். எங்கள் கரண்டியில் தேய்ந்திருப்பது வலப்பக்கம், ஏனென்றால் தாத்தா இடக்கைக்காரர். கத்தியின் அலகு பல ஆண்டுகள் சாணைக்கல்லில் தீட்டப்பட்டு நடுப்பகுதியில் லேசாக உள்வாங்கியிருக்கிறது. விரல் நகத்தை வைத்து அலகைத் திறப்பதற்கான சிறு பள்ளத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன. தாத்தாவின் கையெழுத்தில் எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாத நிலையில், அவருடைய கை இந்த உலகில் விட்டுச்சென்ற தடம் என்று நான் காட்டக்கூடியது இந்தத் தேய்மானம் மட்டுமே. சக்கரம் முதலில் தின்று தீர்ப்பது இதைத்தான்.

இந்தக் கருவிகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இரண்டாகப் பிரியும் வகை. சேகரிப்பாளர்கள் இதை ஹோபோ கத்தி என்பார்கள். கத்தியும் முட்கரண்டியும் ஒரே உடம்பில் பொருத்தப்பட்டிருந்தால் ஒரே நேரத்தில் இரண்டையும் இரு கைகளில் பிடித்துச் சாப்பிட முடியாது. அந்தச் சங்கடத்தைத் தீர்க்க, கைப்பிடியை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியின் உட்தகட்டில் ஒரு வெட்டும், மறுபாதியில் தலை பருத்த சிறு முளையும் வைத்தார்கள். ஒன்றை மற்றொன்றின்மேல் நகர்த்தினால் கழன்றுவிடும், எதிர்த்திசையில் நகர்த்தினால் கவ்விக்கொள்ளும். திருகாணி கிடையாது, கழன்று தொலைந்துபோகும் உதிரிப் பாகமும் கிடையாது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர்களே இத்தகைய கூட்டுக் கருவிகளைப் பையில் வைத்திருந்தார்கள். பல கருவிகளை ஒன்றாக மடக்கிவைக்கும் எண்ணத்தின் வயதோ இன்னும் பெரியது. கேம்பிரிட்ஜில் உள்ள ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில், கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ரோமானிய மடக்குக் கருவி ஒன்று இருக்கிறது. கரண்டி, முட்கரண்டி, கத்தி, கூர்முள் எல்லாம் அதில் உண்டு. வெள்ளிப் பாகங்கள் இன்றும் உறுதியாக நிற்க, இரும்பு அலகைத்தான் துரு அரித்திருக்கிறது.

தேய்மானத்துக்கு அடுத்தபடியாகச் சக்கரம் அழிப்பது முத்திரையை. அலகு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில், அடிப்பகுதியில், தயாரித்தவரின் பெயரோ குறியோ மிக ஆழமில்லாமல் பதிக்கப்பட்டிருக்கும். ஒரு கருவியின் வயதை அறிய இதைவிட நம்பகமான சான்று அரிது. அமெரிக்காவுக்குள் வரும் பொருள்களில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்ததால், அங்கே இறக்குமதியான கத்தியில் ஜெர்மனி என்று பதிந்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது என்று கொள்ளலாம். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரானது’ என்ற பொருள்படும் முத்திரை 1947க்கும் 1952க்கும் இடைப்பட்ட ஏற்றுமதிப் பொருள்களுக்கு உரியது. அமெரிக்காவின் கேஸ் என்ற கத்தி நிறுவனம் 1970இல் தன் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளிகளை வைத்து, பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. ஆகவே 1970களின் முத்திரையில் ஏழு புள்ளிகள் இருந்தால் அது 1973ஆம் ஆண்டுக் கத்தி. அந்தப் புள்ளிகள் கடுகைவிடச் சிறியவை. இரண்டு நிமிடப் பாலிஷில் அவை போய்விட்டால் திரும்ப எழுதிவைக்க எவராலும் முடியாது.

அப்படியானால் துருவை அப்படியே விட்டுவிடுவதா என்று கேட்பார்கள். துருவும் கருமையும் வெவ்வேறு. உலோகவியலாளர் ஹாரி பிரியர்லி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது 1913இல்தான். அதற்கு முந்தைய அலகுகள் எல்லாம், பிந்தையவற்றிலும் கணிசமானவை, கார்பன் எஃகால் ஆனவை. இந்த எஃகு பயன்படப் பயன்பட நீலம் கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறும். இறுகப் பற்றிய அந்தப் படலம் அடியிலுள்ள உலோகத்துக்கு ஓரளவு காப்பாகவே இருக்கிறது, அதைச் சுரண்டக் கூடாது. செம்பழுப்பாக, தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு பொருக்காக உதிர்வது துரு. அதை எண்ணெய் தோய்ந்த துணியாலும், அது போதாத இடத்தில் மிக மெல்லிய எஃகுப் பஞ்சாலும், அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு எடுக்க வேண்டும். மூட்டுகளுக்குச் சமையல் எண்ணெய் விடாதீர்கள்; நாளடைவில் பிசினாகி ஸ்பிரிங்கை இறுக்கிவிடும். உணவுக்கு ஏற்ற மினரல் ஆயில் ஒரு சொட்டுப் போதும். தோல் உறையில் போட்டு மூடிவைப்பதும் தவறு: தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும்.

இவ்வளவு சொல்வதால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். முகாமுக்கு எடுத்துச் செல்லுங்கள், அதில் சாப்பிடுங்கள், கழுவி எல்லாப் பாகங்களையும் விரித்து உலர்த்தி எண்ணெய் தொட்டு வையுங்கள். மடங்காமல் கிடக்கும் மூட்டுதான் இறுகிப்போகிறது. இரண்டு விதிவிலக்குகளை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கரண்டி பித்தளையில் நிக்கல் முலாம் பூசியதாக இருந்து, முலாம் தேய்ந்து மஞ்சள் வெளியே தெரிந்தால், அதில் சாப்பிடக் கூடாது. புளிப்பான உணவு செம்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். மற்றொன்று, ஆமை ஓடு போலவோ முத்துச்சிப்பி போலவோ தோன்றும், செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆன கைப்பிடி. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. பழசாகிச் சிதையத் தொடங்கினால் அமில ஆவியை வெளியிட்டுத் தன் அலகையே அரிக்கும், அதே இழுப்பறையில் இருக்கும் மற்றக் கத்திகளையும் விட்டுவைக்காது. நெடி அடித்தாலோ கைப்பிடியில் வெடிப்பு தெரிந்தாலோ அதைத் தனியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

பாகப்பிரிவினையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாகப் பிரியும் கருவியை அண்ணனுக்குக் கத்திப் பாதி, தங்கைக்கு முட்கரண்டிப் பாதி என்று பங்கு போட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்ற அவர்களின் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் அந்த முடிவை ஏற்க என்னால் முடியவில்லை. கவ்வும் வெட்டையும் முளையையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அரத்தால் ராவிச் சேர்த்திருப்பார்கள். அதே நிறுவனத்தின் அதே வகைக் கருவியிலிருந்து வேறொரு பாதியைக் கொண்டுவந்தாலும் பெரும்பாலும் சரியாக உட்காராது. முழுதாக ஒருவரிடமே இருக்கட்டும். அவர் வயதில் மூத்தவராக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை, முகாமுக்குப் போகும் பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள். கொடுக்கிறவர் உயிரோடும் தெம்போடும் இருக்கும்போதே கொடுத்து, பாதிகளை எந்தப் பக்கம் நகர்த்திப் பிரிப்பது, எந்த மூட்டு இறுக்கமாக இருக்கும், அலகை எந்தச் சாய்வில் தீட்டி வந்தார்கள் என்பதைக் கையில் பிடித்துக் காட்டிக் கொடுத்தால் வாங்குகிறவருக்குப் பாதி வேலை குறைந்துவிடும். மீதியை ஒரு காகிதத்தில் எழுதி உடன் வையுங்கள்: யாருடையது, முத்திரையில் என்ன இருக்கிறது, எந்த ஆணி பின்னால் மாற்றப்பட்டது, கடைசியாக எப்போது எண்ணெய் போட்டது.