டோரஸ் செல்சியில் ஒன்றுமே ஜெயிக்கவில்லையா?
லிவர்பூலில் இருந்து 5 கோடி பவுண்டுக்கு லண்டன் கால்பந்து அணி செல்சிக்குப் போன ஸ்பெயின் ஸ்ட்ரைக்கர் ஃபெர்னாண்டோ டோரஸ் அங்கே ஒரு கோப்பைகூட ஜெயிக்கவில்லை என்று ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். தப்பு. 2012-இல் எஃப்ஏ கோப்பை, சாம்பியன்ஸ் லீக், அடுத்த வருடம் யூரோப்பா லீக், அதன் இறுதிப் போட்டியில் பென்ஃபிகாவுக்கு எதிராகக் கோல்கீப்பரைத் தாண்டிப் போய் முதல் கோலைப் போட்டதே இவர்தான். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் சொதப்பினார், 110 ஆட்டத்தில் 20 கோல், லிவர்பூல் டோரஸைப் பார்த்தவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும், அதை மறுக்கவில்லை. அப்புறம், 2012 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவை வெளியேற்றியது அவர்களின் மைதானமான கேம்ப் நோவில் டோரஸ் போட்ட கோல்தான் என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வதும் சரியில்லை; வெளியூர் கோல் கணக்கில் (இரண்டு ஆட்டமும் சேர்த்து கோல் சமமானால், எதிரணி மைதானத்தில் அதிக கோல் போட்ட அணிக்கே வெற்றி என்ற அப்போதைய விதி) செல்சி ஏற்கெனவே முன்னிலையில்தான் இருந்தது.